வண்டி எப்படி என்று கேட்டால்...





ஊரில் ஒருவர் புது வண்டி வாங்கினால், அது வீட்டு வாசலில் வந்து நின்ற நாள் முதல் அவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வண்டி எப்படி இருக்கு?" பள்ளிவாசல் வாசலிலும் நிக்காஹ் விருந்திலும் ஜனாஸாவுக்கு வந்து திரும்பும் வழியிலும்கூட இந்தக் கேள்வி எழுகிறது. கேட்பவர்களில் பலர் பேச்சுக்காகக் கேட்கிறார்கள். சிலர் மட்டும் வாழ்நாள் சேமிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பதில் சொல்பவருக்கு இந்த இரு சாராரும் ஒன்றுபோலவே தோன்றுவர். எனவே அவர் சொல்லும் பதில் ஒரு சாட்சியமாகிவிடுகிறது. அந்தச் சாட்சியத்தின் பொறுப்பைப் பற்றியே நாம் இங்கு எழுத முற்படுகிறோம்.

எம் தங்கையின் கணவர் வளைகுடாவில் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு, பணிக்கொடைத் தொகையுடன் ஊர் திரும்பினார். வயதான தாய், மனைவி, மூன்று பிள்ளைகள் என்று பெரிய குடும்பம். மூத்த மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குச் செல்ல இருக்கிறாள். அவருடைய நீண்ட நாள் ஆசை, குடும்பம் முழுவதும் ஒன்றாய் அமர்ந்து செல்ல ஓர் இன்னோவா. அதிலும் புதிதாய் வந்துள்ள ஹைபிரிட் வண்டிதான் வேண்டும் என்றார். கையில் இருந்த தொகைக்கு அதன் விலை எட்டவில்லை. மீதியைத் தவணைக் கடனாகக் கட்டலாம் என்று விற்பனை நிலையத்தில் ஒரு தாளில் கணக்கெழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடன் வட்டிக்கடன் என்பது அவருக்கும் தெரியும். ஆயினும், "பெட்ரோல் செலவு பாதியாகக் குறையுமாம் மச்சான். அந்த மிச்சத்திலேயே கடனை அடைச்சிடலாம்னு சொல்றாங்க" என்றார். நம் ஜமாஅத்தில் அந்த வண்டியை வாங்கிய மூவர் இருக்கிறார்கள். அவர்களிடம் விசாரித்துச் சொல்லும் பொறுப்பை எம்மிடம் ஒப்படைத்தார்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சில செய்திகள். டொயோட்டா நிறுவனம் நம் நாட்டில் குவாலிஸை விற்றுவந்தது. அதற்குப் பதிலாக 2005-இல் இன்னோவா வந்தது. 2016-இல் அதன் அடுத்த தலைமுறை கிரிஸ்டா என்ற பெயரில் வெளியாயிற்று. இவையெல்லாம் லாரிகளைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் உடற்பகுதி அமர்த்தப்பட்டவை. பின் சக்கரங்கள் உந்தும் அமைப்பு கொண்டவை. 2022 நவம்பரில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் பெயரில்தான் இன்னோவா. உள்ளமைப்பு முற்றிலும் மாறிவிட்டது. சட்டமும் உடலும் ஒன்றாய் வார்க்கப்பட்ட கட்டமைப்பு, முன் சக்கரங்கள் உந்தும் முறை, முன்னதைவிட 100 மில்லிமீட்டர் கூடுதலான சக்கர இடைவெளி. டீசல் இயந்திரம் இதில் கிடையாது. 1987 சிசி பெட்ரோல் இயந்திரம் மட்டும் கொண்ட வகை ஒன்று. அத்துடன் மின்மோட்டாரும் மின்கலமும் சேர்ந்த ஹைபிரிட் வகை மற்றொன்று.

ஹைபிரிட் என்பதைப் பலர் மின்சார வண்டி என்று எண்ணுகிறார்கள். இதை மின்செருகியில் பொருத்திச் சார்ஜ் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் முடியாது. வண்டி மெதுவாய் நகரும்போது பெரும்பாலும் மோட்டார் தள்ளுகிறது. வேகம் கூடும்போதும் மேட்டில் ஏறும்போதும் பெட்ரோல் இயந்திரம் சேர்ந்துகொள்கிறது. பிரேக் பிடிக்கும்போது சாதாரண வண்டியில் வெப்பமாய் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டாரே மின்சாரமாக மாற்றி மின்கலத்தில் சேர்க்கிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ் காரிலேயே டொயோட்டா இந்த முறையைப் பரவலாக்கிவிட்டது. நம் ஊர்ப்பக்கக் குடும்பங்களுக்கு அது இப்போதுதான் இன்னோவாவின் வழியே அறிமுகமாகிறது.

இனி அந்த மூவரின் வாக்குமூலம்.

முதலாமவர் வண்டியெடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. "ஹஜ்ரத், ஸ்டார்ட் பண்ணினா சத்தமே இல்ல. வண்டி ஓடுதா இல்லையான்னு எனக்கே சந்தேகம்" என்று குழந்தையைப் போல் மகிழ்ந்தார். எம்மை அமரவைத்து ஒரு தெரு சுற்றிவந்தார். உண்மையிலேயே காற்றாடியின் ஓசையும் டயரின் உராய்வும் மட்டுமே கேட்டன. பெரிய திரை, மேற்கூரைக் கண்ணாடி, நடு வரிசையில் கால் நீட்டிச் சாயும் இருக்கை ஆகிய ஒவ்வொன்றையும் காட்டினார். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டோம். திரையில் தெரிந்த 24 என்ற எண்ணைச் சுட்டிக்காட்டி, "கம்பெனி சொன்னதுக்கு மேலேயே கொடுக்குது!" என்றார். எங்கிருந்து எங்கு ஓட்டியபோது வந்த எண் என்று கேட்டதும் சற்று யோசித்து, "ஆரியங்காவிலிருந்து தென்மலை இறங்கினப்போ" என்றார்.

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரையிலிருந்து ஏறி, ஆரியங்காவு கடந்து தென்மலைக்கு இறங்கும் அந்த மலைப்பாதையை நம் பகுதியினர் நன்கு அறிவர். திருவனந்தபுரம் விமான நிலையத்திற்கு வளைகுடாப் பயணிகளை ஏற்றி இறக்க நாம் செல்லும் வழி அது. இறக்கத்தில் எந்த வண்டியும் குறைவாகவே எரிபொருள் குடிக்கும். ஹைபிரிட் வண்டியோ இறங்கும்போது மின்கலத்தையும் நிரப்பிக்கொள்ளும். அந்தச் சகோதரர் பொய் சொல்லவில்லை. கண்ட எண்ணைத்தான் சொன்னார். ஆனால் அது இறக்கத்தின் எண்.

இரண்டாமவர் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவரிடம் கேட்டபோது, "என்னைவிட எங்கம்மாகிட்ட கேளுங்க ஹஜ்ரத், அவங்கதான் பின்னாடி உட்கார்றாங்க" என்றார். மிகப் பொருத்தமான பதில் அது. முட்டுவலியால் சிரமப்படும் அந்த மூதாட்டி திரைக்குப் பின்னிருந்து சொன்னார்: பழைய வண்டியில் ஏறுவதற்குப் பேரன் கைகொடுக்க வேண்டும், இதில் தாமே ஏறிவிடுகிறார். குலுக்கலும் குறைவு. ஆனால் மலை ஏறும்போது இயந்திரம் திடீரென்று பெரிதாய் இரைவது அவருக்கு அச்சமாய் இருந்ததாம்; வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றெண்ணி யாஸீன் ஓதத் தொடங்கிவிட்டாராம். மகன் சிரித்தபடி விளக்கினார். இதில் வழக்கமான கியர்கள் இல்லை. ஏற்றத்தில் அதிகச் சக்தி தேவைப்படும்போது இயந்திரம் உயர்ந்த சுழற்சிக்குப் போய் அங்கேயே நிற்கும். வண்டியின் வேகம் மெல்லக் கூடினாலும் இரைச்சல் முன்கூட்டியே கூடிவிடும். அது கோளாறன்று, அமைப்பின் இயல்பு. இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு மாதம் ஆயிற்றாம். மூன்றாம் வரிசையிலும் ஆட்கள் அமர்ந்துவிட்டால், உம்ராவுக்குச் செல்பவர்களின் பெட்டிகள் அனைத்தையும் பின்னால் அடுக்க முடியாது என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

மூன்றாமவர் பதினான்கு மாதங்களாக ஓட்டுகிறார். துணி வியாபாரி, வாரத்தில் நான்கு நாள் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் செல்பவர். அவரிடம் ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு முறையும் டேங்கை முழுவதும் நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்வரை ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்து எழுதியிருந்தார். கோடையில் ஏசி ஓயாமல் ஓடும்போது 16, மழைக்காலத்தில் 18, நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சென்ற ஒரு பயணத்தில் 20. நெரிசலில் மற்ற வண்டிகள் எரிபொருளை வீணாக்கும் இடத்தில்தான் இது மிச்சம் பிடிக்கிறது. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் அந்த அனுகூலம் குறைகிறது என்பது அவருடைய அனுபவம். பிறகு நாம் கேட்காத ஒன்றையும் சொன்னார்: "மதரஸா விடுற நேரத்துல தெருவுக்குள்ள வரும்போது ரொம்பக் கவனமா இருக்கேன் ஹஜ்ரத். பிள்ளைங்களுக்கு வண்டி வர்ற சத்தம் கேட்கிறதில்ல." முதலாமவர் பெருமையாகச் சொன்ன அதே அமைதி, இவருக்கு எச்சரிக்கையாகத் தெரிந்திருக்கிறது.

மூவருமே தொழுகையாளிகள், மூவருமே உண்மையாளர்கள். ஆயினும் மூவரின் சொல்லும் ஒரே எடையுடையதன்று. இங்கேதான் நாம் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஒரு பாடம் நினைவுக்கு வந்தது.

ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பாளரின் சொல்லை ஏற்க இரண்டு தகுதிகளைப் பார்க்கிறார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றொன்று ளப்த், அதாவது கேட்டதைக் கேட்டவாறே பிசகின்றிப் பாதுகாத்துச் சொல்லும் துல்லியம். நேர்மை இருந்து துல்லியம் குறைந்தால் அறிவிப்பு வலுவிழக்கிறது. வணக்கசாலியான ஒரு நல்லடியாரின் அறிவிப்பைக்கூட, நினைவாற்றல் குறைவு என்ற காரணத்தால் இமாம்கள் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதனால் அவருடைய தக்வாவை யாரும் சந்தேகித்ததில்லை. முதுமையில் நினைவு குழம்பிவிட்ட அறிவிப்பாளரின் சொல்லை, குழப்பத்திற்கு முன் அறிவித்தது, பின் அறிவித்தது என்று காலத்தைக் கொண்டு பிரித்தும் இருக்கிறார்கள். ஒரு செய்தி யாரிடமிருந்து வருகிறது என்பதோடு, எப்போது, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பதும் அவர்களுக்கு முக்கியமாயிருந்தது.

மார்க்கச் செய்திகளுக்குரிய அந்த அளவுகோலை வண்டி விசாரிப்புக்கு அப்படியே பொருத்த வேண்டும் என்று நாம் கூறவில்லை. அந்த ஒழுக்கத்தின் ஒரு துளியேனும் நம் அன்றாடப் பேச்சில் இருந்தால் எத்தனை குடும்பங்கள் இடரிலிருந்து தப்பும் என்றே எண்ணுகிறோம். பத்து நாள் உரிமையாளரிடம் நேர்மை நிறைய இருந்தது. துல்லியத்துக்குத்தான் இன்னும் காலம் வாய்க்கவில்லை. மேலும், பெருந்தொகை கொடுத்து வாங்கிய பொருளை முதல் நாட்களில் புகழும்போது, மனிதன் பாதி பிறருக்கும் பாதி தன் மனத்துக்கும் சொல்லிக்கொள்கிறான். அது இயல்புதான். ஆனால் கேட்பவர் அதைக் கொண்டு கடன் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறார் என்றால், அந்த இயல்பு ஒருவருடைய வீட்டைப் பாதிக்கிறது.

ஆலோசனை கேட்கப்படுபவர் ஓர் அமானிதத்தைச் சுமக்கிறார் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. அந்த அமானிதத்தை நிறைவேற்றும் முறையையும் நபி (ஸல்) அவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அவ்விருவரும் நபித்தோழர்களாய் இருந்தும், ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் நபியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இச்செய்தியைக் கொண்டு, ஆலோசனை கேட்பவரிடம் தேவையான அளவுக்குக் குறையைச் சொல்வது புறமாகாது என்று அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள். மனிதரின் குறையையே சொல்ல அனுமதி உள்ள இடத்தில், ஓர் இயந்திரத்தின் குறையைச் சொல்ல நமக்கென்ன தயக்கம்? "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் குறை சொல்கிறாரே" என்று ஊர் பேசும் என்ற வெட்கம்தான்.

இனி எம் தங்கை கணவரின் கணக்கு. விசாரித்து வந்ததும் அவருடன் அமர்ந்து தாளில் எழுதினோம். நிறுவனத்தின் சான்றளிக்கப்பட்ட எண்கள்படி லிட்டருக்குப் பெட்ரோல் வகை 16.13 கிலோமீட்டரும் ஹைபிரிட் வகை 23.24 கிலோமீட்டரும் ஓடும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு முன்னது ஏறத்தாழ 6,200 லிட்டர் குடிக்கும். பின்னது 4,303 லிட்டர். மிச்சம் சுமார் 1,897 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய். 2022 டிசம்பரில் விலை அறிவித்தபோது பெட்ரோல் வகையின் ஆரம்ப விலை 18.30 லட்சம், ஹைபிரிட் வகையின் ஆரம்ப விலை 24.01 லட்சம். விலைகள் பின்னர் மாறியுள்ளன. ஹைபிரிட் வகையில் வேறு சில வசதிகளும் கூடுதல். எனினும் ஒரு மதிப்பீட்டுக்காக அந்த 5.71 லட்சம் ரூபாய் இடைவெளியை எரிபொருள் மிச்சத்தால் மட்டுமே ஈடுகட்டுவதென்றால் ஏறக்குறைய மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

"ஊருக்குள்ள பெட்ரோல் வண்டி 10-தான் கொடுக்கும் மச்சான்" என்றார் அவர். நியாயமான பேச்சு. அப்படியே 10 என்றும், ஹைபிரிட் 17 என்றும் வைத்துக் கணக்கிட்டோம். அப்போது ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு நான்கு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டரில் இடைவெளி அடைந்துவிடும். துணி வியாபாரிக்கு இது சில ஆண்டுகளிலேயே கைகூடும். அவருக்கு அந்த வண்டி பொருத்தமானது. நாம் அதை மனமாரச் சொல்கிறோம். அடுத்து, "உங்க குடும்பம் மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் மாப்பிள்ளை?" என்று கேட்டோம். குற்றாலம், உறவினர் வீடு, இரண்டு மாதத்துக்கொரு முறை திருவனந்தபுரம் எல்லாம் சேர்த்து 700 என்றார். ஆண்டுக்கு 8,400. முதல் கணக்கின்படி 35 ஆண்டுகளுக்கு மேல்; இரண்டாம் கணக்கின்படி 16 ஆண்டுகளுக்கு மேல். மின்கலத்துக்கு நிறுவனம் தரும் உத்தரவாதமோ எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர். இவற்றில் எதிலும் கடனுக்கான வட்டியை நாம் சேர்க்கவேயில்லை.

அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சத்தைக் கொண்டு கடன் அடைப்பது நடக்காது என்பது விளங்கிவிட்டது. மகளின் கல்லூரிக் கட்டணமும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வட்டி ஹராம் என்பதை நாம் அன்று எடுத்துரைக்கவில்லை. அது அவர் அறியாததன்று. அவர் அறிந்த ஹராமுக்கும் அவருக்கும் நடுவே நியாயம் போல் வந்து நின்றது "பாதியாகக் குறையும்" என்ற ஒரு வார்த்தைதான். அளந்து பார்க்கப்படாத ஒரு புகழ்ச்சி, நல்ல மனிதர் ஒருவரை வட்டியின் வாசல்வரை அழைத்துச் சென்றுவிட்டது. வண்டியைப் புகழ்ந்தவர் அதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஆகவே, வண்டியோ வீடோ கைப்பேசியோ எதுவானாலும், புதிதாய் வாங்கியவர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். யாரேனும் கேட்டால், எத்தனை நாள் பயன்படுத்திவிட்டுச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அளந்து அறிந்ததையும் மனத்துக்குத் தோன்றியதையும் பிரித்துச் சொல்லுங்கள். பின் இருக்கையில் அமரும் தாயாரிடமும் மனைவியிடமும் கேட்டுச் சொல்லுங்கள். கேட்பவரின் தேவை என்ன என்பதைக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். "எனக்கு இன்னும் பழகவில்லை, ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்" என்பதும் நல்ல பதில்தான். கிடைத்த நிஅமத்துக்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்த அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல் போதும். அதற்கு மைலேஜைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

இறுதியில் எம் தங்கை கணவர், முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்து, ஏழு ஆண்டுகள் ஓடிய ஒரு கிரிஸ்டாவை வாங்கினார். விற்றவர் பக்கத்து ஊர்க்காரர், மாற்றுமதச் சகோதரர். நம் மெக்கானிக் வண்டியைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கும் முன்பே, இடப்பக்கக் கதவு ஒருமுறை இடிபட்டு வண்ணம் பூசப்பட்டதை அவராகவே காட்டினார். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அந்த வணிகத்தில் பரக்கத் அருளப்படும். மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற கருத்தில் புகாரீயிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியை அன்று நாம் கண்ணெதிரே கண்டோம். அந்தக் கதவின் வண்ணம் வெயிலில் சற்று வேறாகத்தான் தெரிகிறது. யாரேனும் வண்டி எப்படி என்று கேட்டால், எம் தங்கை கணவர் இப்போது முதலில் காட்டுவது அந்தக் கதவைத்தான்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளை உண்மையிலும் அளவிலும் நிலைக்கச் செய்வானாக. நம் சம்பாத்தியத்தையும் செலவையும் வட்டியின் தீங்கிலிருந்து பாதுகாப்பானாக. நம் வாகனங்களில் பயணிப்போரையும் நம் தெருக்களில் விளையாடும் பிள்ளைகளையும் தன் பாதுகாப்பில் வைப்பானாக. ஆமீன்.